படையலுக்கு முன் ருசி பார்க்காதீர்கள்

14 நிமிடக் குறும்படம் எடுத்து முடித்துவிட்டாராம், யூடியூபில் எப்போது ஏற்றலாம் என்று திருநெல்வேலி வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். கேமரா, எடிட்டிங் எல்லாம் அவருக்கே அத்துப்படி. அதற்குள் நான் போகவில்லை. இப்போதைக்கு ஏற்றவே வேண்டாம் என்பதுதான் என் பதில்.

திரைப்பட விழாக்களுக்கென்று ஒரு விசித்திர ஆசாரம் உண்டு. கான் விழாவின் குறும்படப் போட்டிக்குப் போகும் படம், டைட்டில்களையும் சேர்த்து 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது (உங்களுடையது தேறும்). இணையத்தில் தலைகாட்டியிருக்கவும் கூடாது. எங்கள் பாட்டி படையலுக்கு முன் சுண்டலில் உப்புகூடப் பார்க்க விடமாட்டார்; அதே கதைதான். அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவோ குறும்படங்களிடம் இந்த மடியெல்லாம் பார்ப்பதில்லை. ஆகவே விதிகளைப் படித்து, கறாரான வாசலை முதலில் தட்ட வேண்டும். நம் பிள்ளைகள் சனிக்கிழமை மிக்ஸிங் முடித்து, ஞாயிறு ஏற்றி, திங்கள்கிழமை வியூஸ் எண்ணுகிறார்கள்.

விழா வாசல் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்க இயக்குநர் டேமியன் ஷசெல் கையில் 'விப்லாஷ்' முழுநீளத் திரைக்கதை இருந்தது. பணம் போடத்தான் ஆள் இல்லை. அதிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்து 18 நிமிடப் படமாக்கினார். டிரம்ஸ் வாசிக்கும் மாணவன். தாளம் முந்துகிறதா பிந்துகிறதா என்று கேட்டுக் கேட்டே அவனை நொறுக்கும் வாத்தியாராக ஜே.கே. சிம்மன்ஸ். 2013 சன்டான்ஸில் குறும்படப் பரிசு. மறுவருடமே அதே விழாவில் முழுநீளப் படம். பிறகு மூன்று ஆஸ்கர். நம்மூரில் இரண்டரை மணி நேரக் கதையை அப்படியே பத்து நிமிடத்தில் திணிக்கிறார்களே, அவர்கள் இந்தத் துண்டைப் பார்க்க வேண்டும்.

இயக்குநர்கள் கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி போன்றோருக்குக் கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி சினிமாவுக்கு வாசலாக இருந்தது. அது வேறு வழி.

இன்னொரு வயிற்றெரிச்சல். கட்டணம் வாங்கிக்கொண்டு மாதாமாதம் பரிசு அறிவிக்கும் 'விழாக்கள்' பெருத்துவிட்டன. அரங்கு கிடையாது, பார்வையாளர் கிடையாது. போஸ்டரில் ஒட்டிக்கொள்ள இலைக்கொத்துச் சின்னம் மட்டும் மின்னஞ்சலில் வரும். பணம் கட்டும் முன், போன வருடம் எந்தத் தியேட்டரில் திரையிட்டார்கள் என்று விசாரியுங்கள். அந்தக் காசில் ஆங்கில சப்டைட்டிலை நல்ல ஆளிடம் கொடுத்துத் திருத்தலாம். உங்கள் திருநெல்வேலிப் பேச்சு வெளிநாட்டுத் தேர்வுக்குழுவுக்கு அந்த இரண்டு வரி வழியாகத்தான் போய்ச் சேரும்.