பிழைக்கும் குஞ்சுகளின் கணக்கு எங்கே?

புது தில்லி: நாட்டின் மீன் உற்பத்தி 2022-23-ஆம் ஆண்டில் 175.45 லட்சம் டன். இதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு உள்நாட்டு நீர்நிலைகள் தந்தவை. சாதனைதான். ஆயினும், குளத்தில் விடப்பட்ட குஞ்சுகளில் எத்தனை பிழைத்தன என்பதை இந்தக் கணக்கு சொல்வதில்லை. சிறு விவசாயியின் லாபமும் நஷ்டமும் அங்கேதான் முடிவாகின்றன.

1957 ஜூலை 10-இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி, ஆலிக்குன்ஹி ஆகிய விஞ்ஞானிகள் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றைச் செலுத்தி, கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தனர். குஞ்சுகளுக்காக ஆறுகளையே நம்பியிருந்த நிலை அதன்பின் மாறியது. அந்நாளே தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

குஞ்சு பொரிப்பது எளிதாகிவிட்டது, காப்பாற்றுவது எளிதாகவில்லை. கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் தம் உடலில் உள்ள கருவுணவைச் சுமார் மூன்று நாள்களில் தீர்த்துவிடும். அடுத்து அவற்றுக்குத் தேவை, நீரில் மிதக்கும் நுண்ணிய விலங்கினங்கள். எனவே நாற்றங்கால் குளத்துக்கு முன்கூட்டியே எருவிட்டு அந்த உணவைப் பெருக்க வேண்டும். குஞ்சுகளைத் தின்னும் நீர்ப்பூச்சிகளையும் அகற்ற வேண்டும். அத்துடன் அரிசித் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவில் பொடித்து இடப்படுகின்றன.

மண் குளமாயின், ஹெக்டேருக்கு 30 முதல் 50 லட்சம் குஞ்சுகள் என்பது பரிந்துரைக்கப்படும் அளவு. 15 முதல் 20 நாள் வளர்ப்புக்குப் பின் இவற்றில் 30 முதல் 50 சதவீதம் வரை பிழைப்பதே வழக்கம். அடுத்த கட்டத்தில் ஹெக்டேருக்கு 2 முதல் 3 லட்சம் போதும்.

அளவு மீறினால் உணவுப் போட்டியில் வலியவை வளரும். மற்றவை மெலிந்து நோய்க்கு இரையாகும். தீவனத்தைக் கூட்டுவதும் தீர்வாகாது. எஞ்சிய தீவனம் அழுகி அமோனியா பெருகும். விடியலுக்கு முன் நீரில் ஆக்ஸிஜன் குறையும்.

ஆந்திரப் பிரதேசத்தில் குஞ்சுகளை வேண்டுமென்றே நெருக்கி, தீவனத்தைக் குறைத்து, ஓராண்டு வரை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் முறை உண்டு. பெரிய குளத்துக்கு மாற்றியதும் அவை விரைந்து வளரும். ஆனால், இது நாற்றங்கால் பருவத்தைத் தாண்டிய குஞ்சுகளுக்கே பொருந்தும். பச்சிளங்குஞ்சுகளை நெருக்கினால் இழப்பே மிஞ்சும்.

மேற்கு வங்கத்திலிருந்து ஆக்ஸிஜன் நிரப்பிய பைகளில் பல மாநிலங்களுக்குக் குஞ்சுகள் செல்கின்றன. நாற்றங்காலில் அவை எப்படி வளர்க்கப்பட்டன, என்ன உண்டன என்பதைப் பையைப் பார்த்து அறிய இயலாது. விதைச் சட்டத்தின்படி (1966) அறிவிக்கப்பட்ட நெல் ரகத்தின் விதைப்பையில் முளைப்புத் திறன் குறிக்கப்பட வேண்டும். அச்சட்டம் மீன்குஞ்சுக்குப் பொருந்தாது. மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ளது. அஸ்ஸாம் 2005-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் ரூ.20,050 கோடி முதலீட்டை இலக்காகக் கொண்டது. குஞ்சுப் பொரிப்பகங்களுக்கும் அதில் உதவி உண்டு. எத்தனை கோடிக் குஞ்சுகள் உற்பத்தியாயின என்று கேட்கும் உறுப்பினர்கள், எத்தனை பிழைத்தன என்றும் அவையில் கேட்டால், குளக்கரையில் நிற்கும் விவசாயிக்கு அது பயன் தரும்.