காட்டில் மூன்று கல் அடுப்பு



காட்டுக்குப் போய் நெருப்பு மூட்டிச் சமைப்பது நோர்வேஜியர்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பது எனக்கு நெடுங்காலம் விளங்கவேயில்லை. 1995 ஐப்பசி இடப்பெயர்வுக்குப் பின் வன்னியில் மரத்தடியில் மூன்று கல் வைத்து மாதக்கணக்காகச் சமைத்தவர்கள் நாங்கள். வெளிச்சம் விமானத்துக்குத் தெரியும் என்று பொழுதுபட முன்னரே அடுப்பை அணைத்துவிடுவோம். விறகுப் புகை மணந்தால் இன்றும் அந்த நாட்கள்தான் நினைவுக்கு வரும். அதனால், மகளின் பாடசாலை இலையுதிர் காலத்தில் பெற்றோரையும் காட்டுக்கு அழைக்கும்போதெல்லாம் வேலை என்று சாட்டுச் சொல்லித் தப்பிவிடுவேன்.

சென்ற வருடம் மகள் விடவில்லை. "எல்லாற்றை அப்பாவும் வருகினம், நீங்கள் மட்டும்தான் வாறதில்லை" என்றாள். பழகிப் பார்ப்போம் என்று செப்டெம்பர் கடைசியில் ஒஸ்லோ நிலக்கீழ் தொடருந்தின் கடைசித் தரிப்பான சொங்ஸ்வான் ஏரிக்குப் போய், அங்கிருந்து காட்டுக்குள் நடந்தோம். சுவாலை நன்றாக எழுந்ததும் மீனை வைத்தேன். வெளியே கரி, உள்ளே பச்சை. பாணும் வாழைப்பழமும் தின்றுவிட்டு வீடு திரும்பினோம்.

அம்மா சிரித்தார். "நெருப்பு எரியேக்கை ஆர் மீன் சுடுறது தம்பி? தணல் வந்தாப் பிறகெல்லோ சுடுறது." அடுத்த சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். அன்று படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் சட்டம். நோர்வேயில் ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலோ காட்டை அண்டியோ நெருப்பு மூட்டுவது பொதுவாகத் தடை. தீப் பரவ வாய்ப்பே இல்லாத இடமென்றால் மட்டும் விலக்கு உண்டு. ஏனைய மாதங்களிலும் காய்ந்த காலநிலை என்றால் நகரசபையின் அறிவித்தலைப் பாருங்கள். காற்று அடிக்கும் நாளில் மூட்டவே வேண்டாம்.

இடம். ஏற்கெனவே கல் அடுக்கிய நெருப்பிடம் இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் மணலோ சரளையோ உள்ள நிலத்தைத் தேடுங்கள். மக்கிய காட்டு மண்ணில் மூட்டினால் தீ நிலத்துக்கு அடியால் புகைந்து போய் வேறிடத்தில் கிளம்பும். ஏரிக்குள் கிடந்த ஈரக்கல்லை அடுப்புக்கு வைக்காதீர்கள். உள்ளே ஊறிய நீர் ஆவியாகிக் கல் வெடிக்கும்.

விறகு. இங்கே 'பியர்க்' என்று சொல்லும் வெள்ளைப்பட்டை மரத்தின் காய்ந்த விறகு நல்ல தணல் தரும். அதன் பட்டையில் எண்ணெய்த் தன்மை இருப்பதால் ஈரத்திலும் பற்றும். ஆனால் உயிர் மரத்தில் பட்டை உரிக்கக் கூடாது. விழுந்து கிடப்பதை மட்டும் எடுங்கள், அல்லது வீட்டிலிருந்து விறகு கொண்டுபோங்கள்.

தணல். இதுதான் அம்மாவின் பாடம். ஒரு மணித்தியாலம் அளவில் பொறுத்திருங்கள். சுவாலை அடங்கி, விறகு சிவந்து, மேலே சாம்பல் பூத்த பிறகுதான் சமையல். அந்த நேரத்தில் கத்தரிக்காயைத் தணலோரம் போட்டு உருட்டிவிடலாம். தோல் கருகி உள்ளே குழைந்ததும் உரித்து, வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, தேசிப்புளி சேர்த்துப் பிசைந்தால் சம்பல்.

மீன். மக்ரெல் நல்லது. கண் தெளிவாகவும் பூ சிவப்பாகவும் இருக்கவேண்டும். வீட்டிலேயே வெட்டிக் கழுவி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்புப் பிரட்டி, ஐஸ்கட்டியோடு குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். கம்பித்தட்டைத் தணலுக்கு ஒரு சாண் மேலே வைத்து, இரண்டு பக்கமும் திருப்பிச் சுடுங்கள். முள்ளிலிருந்து சதை கழன்று வந்தால் வெந்துவிட்டது. பச்சை மீன் தொட்ட கையைக் கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் மறக்க வேண்டாம்.

ரொட்டி. நோர்வேப் பிள்ளைகள் தடியில் மாவைச் சுற்றிச் சுட்டு 'பின்னேப்ரோ' என்று தின்பார்கள். அம்மா அதே தடியில் தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்ட ரொட்டி மாவைச் சுற்றினார். மெல்லிசாகச் சுற்றுங்கள். மொத்தமாக இருந்தால் உள்ளே வேகாது.

அணைப்பது. தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். புறங்கையைக் கிட்டப் பிடித்தால் சூடு தெரியக்கூடாது. குப்பை எல்லாம் வீட்டுக்கு. தீ கைமீறினால் உடனே 110.

பாடசாலைப் பயணத்துக்கு அம்மாவும் வந்தார். கடிதம் வந்தால் பேத்தியிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டு, "இந்த நாட்டிலை நான் ஒண்டும் தெரியாதவள்" என்று சொல்லுகிறவர் அவர். அன்று மகளின் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு தடியோடு அவரைச் சுற்றி நின்றார்கள். ஒரு தகப்பன் தணலைக் காட்டி "இப்போது வைக்கலாமா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்க, அம்மா தமிழில் "கொஞ்சம் பொறுங்கோ" என்றார். அவரும் பொறுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது என் உடுப்பெல்லாம் புகை மணம். மகள் என் யக்கெற்றை மணந்து பார்த்து, "நல்ல மணம், அப்பா" என்றாள். அந்த மணத்துக்கு அவளிடம் வேறு நினைவு இருக்கிறது. எனக்கும் இப்போது இரண்டு நினைவுகள்.

உங்கள் வீட்டிலும் அம்மம்மா, அப்பம்மா இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள்.