கொட்டகை வாசல் – 14: கொழுத்த குட்டியைத் தேடி வரும் சாவு

துள்ளுமாரி நோய் நோஞ்சான் ஆட்டைத் தொடுவது அபூர்வம். மந்தையில் எது முந்தியடித்துக்கொண்டு தின்கிறதோ, எது பக்ரீதுக்கு நல்ல விலை போகும் என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்களோ, அதைத்தான் கொண்டுபோகும். சாயங்காலம் துள்ளிக்கொண்டு பட்டிக்குள் போன குட்டி, விடியும்போது கழுத்து பின்னால் வளைந்து, வாயில் நுரையோடு விறைத்துக் கிடக்கும். சாவதற்கு முன் அதைப் பார்க்க நேர்ந்தவர்கள், தள்ளாடியது, சுற்றிச் சுற்றி வந்தது, எகிறிக் குதித்து விழுந்து காலை உதைத்தது என்பார்கள். வெள்ளாடாக இருந்தால் தண்ணீராகக் கழிச்சலும் போகும், சில சமயம் ரத்தத்தோடு.

வெள்ளாற்றின் தென்கரையில் இருக்கிறது லப்பைக்குடிக்காடு. ஆற்றைத் தாண்டினால் திட்டக்குடி. இக்கரையில் இருப்பது பெரம்பலூர் மாவட்டம். தமிழ்நாட்டில் மக்காச்சோளத்துக்குப் பேர்போன மாவட்டம். திருச்சி கருப்பு என்ற செம்மறி இனத்துக்கும் பெரம்பலூர், அரியலூர் பக்கம் சொந்த மண். ஐப்பசி மழையில் இளம்புல் தளதளவென்று கிளம்பும். அறுப்பு முடிந்த கொல்லையில் சோளமணி சிந்திக் கிடக்கும். பண்டிகை நெருங்கினால் கிடாவுக்குத் தவிடும் புண்ணாக்கும் சோளமும் கூடும். ஆடு வளர்ப்பவர் ஆசையாகப் பார்க்கும் இந்த மூன்று சமயங்களில்தான் துள்ளுமாரியும் வரும்.

இதற்குக் காரணமான கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா வெளியிலிருந்து படையெடுத்து வருவதில்லை. நல்ல ஆட்டின் குடலிலேயே கொஞ்சமாக இருக்கும். வைக்கோலும் தழையும் தின்று பழகிய வயிற்றில் ஒரே நாளில் மாவுச்சத்து குவிந்தால், செரிக்காத மாவு சிறுகுடல் வரை இறங்குகிறது. பாக்டீரியா மளமளவென்று பெருகி எப்சிலான் என்ற நச்சைக் கக்குகிறது. அது பிறக்கும்போது வீரியமில்லாதது. ஆட்டின் சொந்தச் செரிமான நீரான டிரிப்சின் வெட்டிய பிறகே கொடிய நச்சாகிறது. குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலந்து, நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரைச் சிதைக்கிறது. மூளையில் நீர் கோக்கிறது. செம்மறி சில மணி நேரத்தில் விழுந்துவிடுகிறது. பல சமயம் டாக்டர் வந்து சேரும்போது ஊசி போட உயிர் இருக்காது.

ஐரோப்பியப் பன்றிப் பண்ணைகளில் இதே கதை வேறு கிருமியால் நடக்கிறது. தாய்ப்பால் மறந்து திடத்தீவனத்துக்கு மாறிய ஒன்றிரண்டு வாரத்தில் குட்டிகளின் இமை வீங்கும், கால் பின்னும், விழுந்து சாகும்; அங்கும் நன்றாக வளர்ந்த குட்டிதான் முதலில். இந்தப் பன்றி நோய் 1938-இல் வடக்கு அயர்லாந்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஈ.கோலி வகை ஒன்று சுரக்கும் ஷிகா நச்சு அங்கேயும் ரத்தக்குழாய்ச் சுவரைத்தான் சிதைக்கிறது. அதற்கான தடுப்பூசிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல்தான் அனுமதி கொடுத்தது.

நமக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1932-இல் தொடங்கப்பட்ட ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் துள்ளுமாரிக்குத் தடுப்பூசி தயாரிக்கிறது. மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஆடு சாகிறதே என்பதுதான் என் ஆற்றாமை. 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்குத் தலா 4 ஆடுகள் கொடுத்தார்கள். 4 ஆடு வைத்திருப்பவருக்கு ஒன்று செத்தால் கால்வாசிச் சொத்து போயிற்று. அப்புறம் பக்கத்துக் கொல்லைக்காரர் மருந்து வைத்துவிட்டார் என்று சண்டை. இல்லாவிட்டால் கண்ணுபட்டுவிட்டது என்று பெருமூச்சு.

அந்தச் சண்டையைத் தீர்க்கப் பிரேதப் பரிசோதனை உதவும். அறுத்துப் பார்த்தால் இதய உறைக்குள் நீர் கோத்திருக்கும். சிறுநீரகம் விரல் பட்டால் குழைந்துவிடும். செம்மறியின் மூத்திரப்பையில் மிச்சமிருக்கும் சிறுநீரில், சர்க்கரை நோயாளிகளுக்குப் பயன்படுத்தும் அதே பட்டையை நனைத்தால் நிறம் மாறும். நச்சு ஈரலில் இருந்த சர்க்கரையை ரத்தத்தில் கொட்டியதற்கு அது அடையாளம். டாக்டரின் முதல் கேள்வியோ தீவனத்தைப் பற்றியே இருக்கும்: "நேத்து புதுசா என்னம்மா தின்னுச்சு?"

ஊசி மழைக்காலத்துக்கு முன்பே விழ வேண்டும். முதல்முறை போடும் குட்டிக்கு இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. ஒன்றோடு நிறுத்தினால் பாதுகாப்பு நிற்காது. செம்மறிக்கு அப்புறம் வருடம் ஒருமுறை. வெள்ளாட்டில் இந்த ஊசியின் காப்பு சீக்கிரம் குறைந்துவிடுகிறது; இடைவெளியைக் குறைத்துப் போடச் சொல்வார்கள், கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சோளம் கொடுப்பதென்றால் ஒரு கைப்பிடியில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். அறுத்த கொல்லையில் விடும் முன் வீட்டிலேயே வைக்கோலோ தழையோ போட்டு வயிற்றை நிரப்பி ஓட்டுங்கள். பசியோடு போகும் ஆடு மணியை மட்டும் பொறுக்கும்.

ஒன்று செத்துவிட்டால் அன்று காலையே மற்ற ஆடுகளுக்குத் தவிடு, சோளத்தை நிறுத்திவிட்டு உலர்தீவனம் மட்டும் போடுங்கள். 1962-க்கு அழையுங்கள். செத்ததைக் கறிக்குக் கொடுக்காமல், டாக்டர் பார்த்த பிறகு ஆழக் குழிவெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அடுத்த வாரம் ஆட்டுக்கொல்லி நோய்.