மணம் காக்கும் நுண்ணுறைகள்

மாணவர்களே! துளசி இலை ஒன்றை எடுத்து மெல்லக் கசக்கி முகர்ந்து பாருங்கள். அதுவரை அடங்கியிருந்த மணம் சட்டென்று எழுகின்றது அன்றோ? இலையின் மேற்பரப்பில் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத எண்ணெய்ப் பைகள் உள்ளன. அவை உடையும்போது மணம் பரவுகின்றது. இத்தகைய பைகளை அறிவியலாளர் ஆய்வகத்திலும் உருவாக்குகின்றனர். அவையே நுண்ணுறைகள்.

நறுமண எண்ணெய் விரைவில் ஆவியாகும் இயல்புடையது. அதன் துளியைச் சுற்றி மெல்லிய சுவர் அமைத்தால் மணம் நெடுநாள் தங்கும். இந்நுட்பம் முதலில் வேறொரு பயனுக்கே உதவியது. 1950களில் அமெரிக்காவில், கரித்தாள் இன்றிப் படியெடுக்கும் தாளில் நிறப்பொருள் அடங்கிய நுண்ணுறைகளைப் பூசினர். எழுதுகோலின் அழுத்தத்தால் அவை உடைய, அடித்தாளில் எழுத்துப் பதிந்தது. பின்னாளில் சலவைப் பொருள்களில் மண நுண்ணுறைகள் இடம்பெற்றன. துணியில் ஒட்டிய உறைகள், அதனை உடுத்தி நடக்கையில் உராய்ந்து உடைவதால் மணம் கமழ்கின்றது.

ஆயினும், இவ்வுறைகளுள் பலவற்றின் சுவர் நெகிழியால் ஆனது. துணியில் ஒட்டாதவை சலவை நீருடன் வெளியேறுகின்றன. அவை எங்கே செல்லும்? பாகாலாவை அடுத்த மலைப்பகுதியில் தோன்றும் சுவர்ணமுகி ஆற்றைத் தமிழர் பொன்முகலி என்பர். அது திருக்காளத்தி வழியாகச் சென்று வங்கக் கடலில் கலக்கின்றது. ஆற்றில் சேரும் நெகிழித் துகளும் அவ்வழியே கடலை அடையும். அஃது எளிதில் மக்காது. மீன்களின் உடலிலும் நுண்நெகிழி கண்டறியப்பட்டுள்ளது. எனவே, பொருள்களில் வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண்நெகிழிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தடை விதித்தது. மண நுண்ணுறைகளை மாற்றிக்கொள்ள 2029 வரை காலம் அளித்தது.

இதற்கு மாற்றினை அறிவியலாளர் தாவரங்களில் தேடுகின்றனர். வேலம்பிசின் கரைசலில் எண்ணெயை நுண்துளிகளாகக் கலந்து வெப்பக் காற்றில் தெளித்தால், நீர் ஆவியாகிப் பிசினே உறையாகின்றது. உணவுப் பொடிகளின் மணத்தைக் காக்க இம்முறை ஏற்றது. ஆனால், பிசின் நீரில் கரைந்துவிடும். ஆதலின் சலவைக்கு உதவாது. சுவர் துவைக்கும்போது கரையக் கூடாது. உடுத்தும்போது உடைய வேண்டும். இறுதியில் மக்கிப் போக வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே பெறுவதே அறிவியலாளர் முன்னுள்ள அரிய பணி.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலந்தி நூலின் உறுதிக்குக் காரணம் யாது என ஆராய்ந்தனர். அந்நூலில் மூலக்கூறுகள் பிணைந்திருப்பதைப் போலவே சோயாப் புரதத்தைப் பிணையச் செய்து, உறுதியான, மக்கும் படலம் ஒன்றை உருவாக்கினர். அதனை 2021இல் உலகிற்கு அறிவித்தனர். தாவரப் புரதத்தாலும் வலிய சுவர் அமைக்கலாம் என்பதற்கு அது சான்றாயிற்று.

இத்தகைய புதிய பொருள் எளிதில் மக்குமா என அறியப் பலவகைச் சோதனைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில், 28 நாள்களுக்குள் 60 விழுக்காடேனும் நுண்ணுயிரிகளால் சிதைந்தால்தான் அப்பொருள் தேறும். தேறாவிடில் கலவையை மாற்றி மீண்டும் தொடங்குவர். நம் ஆடையில் மணம் கமழ, ஆற்றின் தூய்மை கெடலாகாது. இதற்காகவே அவர்கள் பொறுமையுடன் உழைக்கின்றனர்.

செயல்பாடு: எலுமிச்சைத் தோலை மடித்து அழுத்துங்கள். நீங்கள் கண்டதையும் முகர்ந்ததையும், அதன் காரணத்தையும் ஐந்து தொடர்களில் எழுதுக.