இரு மருத்துவர், ஒரு நோயாளி

ஆந்திரம், கருநாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்றும் கூடுமிடத்துக்கு அண்மையிலுள்ள ஊர் குடுபல்லி. இங்குள்ளோர் கடும்பிணியுற்றால் குப்பத்திலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வர். வேலூருக்கோ பெங்களூருக்கோ செல்வாரும் உண்டு. அங்ஙனம் சென்ற ஒருவரைப் பார்த்து ஒரு மருத்துவர் ‘ஊட்டக் குறைவு உண்டு’ என்றும், மற்றொருவர் ‘இல்லை’ என்றும் குறித்தால் என்ன ஆகும்? அவருக்கு அளிக்கும் உணவும், அறுவைக்கு முன் செய்யும் ஆயத்தமும் மாறிவிடும். புண் ஆறுவதும் ஊட்டத்தைப் பொறுத்ததாதலின் இது சிறு வேறுபாடன்று.

எடை பார்த்தால் தெரியாதோ எனலாம். உடலில் நீர் கோத்தவர் தசை கரைந்திருந்தும் தராசில் கனப்பார். பருமனாக இருந்தவர் இளைத்த பின்னும் நலமுற்றவராகவே தோன்றுவார். ஆகவே 1980களில் கனடா நாட்டு டொராண்டோ மருத்துவர்கள் ஒரு முறையை வகுத்தனர். ஆறு மாதத்தில் எடை எவ்வளவு குறைந்தது, உண்ணும் அளவு எங்ஙனம் மாறிற்று, வாந்தியோ பேதியோ இரு வாரத்துக்கு மேல் நீடித்ததா, நடமாட்டம் குன்றியதா என வினவுவர். பின்னர் மேற்கையின் பின்புறம், தோள், தொடை, கணுக்கால் ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்து, மூன்று தரங்களுள் ஒன்றில் நோயாளியை வைப்பர். 1987இல் வெளியான அவர்களது ஆய்வில், தனித்தனியே பார்த்த இரு மருத்துவர் நூற்றுக்கு 91 நோயாளிகளிடம் ஒரே தரத்தைக் கூறினர்.

இவ்வெண்ணை அப்படியே கொள்ளுதல் ஆகாது. நோயாளியைப் பாராமலே, 100 பேரில் 70 பேரைக் குறைவுடையோர் என இருவர் மனம்போனபடி எழுதினாலும் ஏறத்தாழ 58 பேரிடம் இருவர் முடிவும் ஒத்துவிடும்: 49 பேரை இருவரும் ‘உண்டு’ என்பர், 9 பேரை இருவரும் ‘இல்லை’ என்பர். இத் தற்செயல் ஒப்பைக் கழித்துக் கணக்கிடும் வழியை அமெரிக்க உளவியலார் ஜேக்கப் கோஹன் 1960இல் தந்தார். அதில் முழு ஒப்புக்கு 1. டொராண்டோவில் கிடைத்தது 0.78, நல்ல ஒப்பே.

தொடுவதைவிட வினவுவதிலேதான் நம்மவர்க்கு இடர் மிகுதி என நாம் கருதுகிறோம். வேற்றுமொழி மருத்துவரிடம், “கொஞ்சம் சாப்பிடுகிறேன்” என்று கூறி நிறுத்திவிடுகிறோம். அக் ‘கொஞ்சம்’ ஒரு களியுருண்டையா, பாதியா? ஒருவர் மீண்டும் கேட்டு அறிவார். மற்றவர் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்வார். மும்பையிலோ தில்லியிலோ வாழும் நேயர்களுக்கும் இது பொருந்தும். “முன்பு இரண்டு உருண்டை, இப்போது அரை, தீபாவளியின்போது 60 கிலோ, இன்று 52” எனச் சொல்லிப் பாருங்கள். அவ்விழப்பு நூற்றுக்குப் பதின்மூன்று. ஆறு மாதத்துள் பத்தைக் கடந்ததை எம்மருத்துவரும் பெரிதாகவே கொள்வர்.