உங்களுக்குத் தெரியுமா? எரிமலைத் தீவில் ஒரு கார்ப் பயணம்

● ஐஸ்லாந்தைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் சாலையின் நீளம் சுமார் 1,320 கி.மீ. தெற்கே பனியாறுகள் உருகிய நீர் பாயும் மணல்வெளியில் பாலங்கள் கட்டி முடித்த 1974-இல்தான் இந்த வளையம் முழுமையானது.

● குறுகிய விடுமுறைக்குத் தென்பகுதியே போதும். தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் திங்வெட்லிர் வந்துவிடும். வட அமெரிக்க, யூரேசிய நிலத்தட்டுகள் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. விலகிச் செல்லும் பிளவுப் பள்ளத்தாக்கு இது. கி.பி. 930-இல் ஐஸ்லாந்தின் மக்களவை முதன்முதலாகக் கூடியதும் இங்கேதான்.

● ஸ்ட்ரோக்கூர் வெந்நீர் ஊற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை 15 முதல் 20 மீட்டர் உயரத்துக்குப் பீறிடும்.

● பச்சைக் கம்பளம் விரித்தது போன்ற எல்ட்ராய்ன், 1783-84இல் லாக்கி எரிமலைப் பிளவு கக்கிய குழம்பு உறைந்த நிலம். அதன்மேல் படர்ந்த பாசி சிதைந்தால் மீளப் பல பத்தாண்டுகள் ஆகும். தயவுசெய்து மிதிக்காமல் ரசியுங்கள். சாலையை விட்டிறங்கி வண்டி ஓட்டுவது அங்கே சட்டப்படி குற்றம்.

● வலப்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். ஒற்றைத் தடப் பாலத்தில், முதலில் நெருங்கிய வண்டிக்கே வழி. 'எஃப்' எனத் தொடங்கும் மலைச்சாலைகள் கோடையில் மட்டுமே திறக்கும். அவற்றில் செல்ல நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயம்.