கிசுகிசுவுக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது

சிவப்புக் கம்பளத்தில் நட்சத்திரத்தின் தோளை உரசி நிற்கும் லண்டன் டாப்ளாய்ட் நிருபரைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். அவர் முந்தைய தலைமுறை வேல்ஸ்காரராக இருந்தால், தொழில் கற்ற இடம் பெரும்பாலும் மெர்தர் டிட்வில், போர்ட் டால்பட் போன்ற ஊர்களின் வாரப் பத்திரிகை. அங்கே கோர்ட், கவுன்சில் கூட்டம், ரக்பி மேட்ச் என்று ஓடி, பிறகு கார்டிஃபிலோ ஸ்வான்சியிலோ ஒரு மாலை நாளிதழ். லண்டன் ரயில் அதற்கப்புறம்தான்.

கோர்ட் நிருபருக்கு டீலைன் சுருக்கெழுத்து கைவர வேண்டும். நிமிடத்துக்கு 100 வார்த்தை எழுதுவதுதான் இலக்கு. குடித்துவிட்டு வண்டி ஓட்டி அபராதம் கட்டியவர், பேப்பர் வந்த அன்றைக்கே அலுவலக வாசலில் நின்று சண்டை பிடிப்பார். நோட்டைப் பிரித்து, எழுதியது சரிதான் என்று காட்டியாக வேண்டும். பெயரில் ஓர் எழுத்து பிசகினால், அதே தெருவில் குடியிருக்கும் வேறொருவரின் மானம் போய்விடும்.

இதைவிடக் கடினமானது ‘டெத் நாக்’. விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் கதவைத் தட்டி, போட்டோ கேட்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையனையோ பெண்ணையோதான் அனுப்புவார்கள். அந்தத் தாயை அடுத்த வாரமும் கடைத்தெருவில் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் பேச்சு தானாகவே பதமாக வரும். வெளியூர்க்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸின் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து 144 பேர் மாண்டார்கள். 116 பேர் குழந்தைகள். அங்கே படம் எடுக்க வந்த ஒருவர், இறந்துபோன தோழிகளுக்காக அழச் சொல்லி ஒரு சிறுமியைக் கேட்டதாக மீட்புப் பணியில் இருந்தவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். படிக்கும்போது இன்றும் வயிறு கலங்குகிறது.

1980-களில் லண்டன் டாப்ளாய்டுகளில் நட்சத்திரச் செய்திக்குத் தனிப் பக்கம் வந்தது. விற்பனைப் போட்டி முற்றியது. பிறருடைய வாய்ஸ்மெயிலை ஒட்டுக்கேட்ட வழக்கில் 2007-இல் இருவர் சிறை போனார்கள். அதே ஒட்டுக்கேட்பு விவகாரத்தால் 1843-இல் பிறந்த ஞாயிறு இதழ் ஒன்று 2011-இல் மூடப்பட்டது. பத்திரிகைகளின் நடத்தை பற்றி 2012-இல் வந்த விசாரணை அறிக்கைக்குப் பிறகு நாடு முழுக்கப் புதிய கண்காணிப்பு அமைப்பைப் பற்றித்தான் பேச்சு. நிருபர் எங்கே தயாராகிறார் என்பது அந்த இரைச்சலில் அமுங்கிப்போனது.

என் கவலையெல்லாம் அங்கேதான். ஹாலிவுட்டுக்கே நடிகர்களை அனுப்பிய போர்ட் டால்பட், 2009-இல் தன் வாரப் பத்திரிகையை இழந்தது. 2024-இல் அந்த ஊர் இரும்பாலையின் கடைசி ஊதுலை அணைந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. வாரா வாரம் அந்த ஊரை எழுதிவந்த பத்திரிகை அப்போது இல்லை. அங்கே பிறக்கும் ஒரு பெண்ணுக்கு இன்று சினிமா நிருபர் ஆசை வந்தால், முதல் வேலையே நட்சத்திரங்களின் சமூக வலைத்தளப் பதிவுகளை மேய்ந்து, மணிக்கொரு செய்தி தட்டுவதாக இருக்கலாம். கோர்ட் வாசலையே மிதிக்காமல், யார் முகத்தையும் நேரில் பார்க்காமல் ஒருவரின் விவாகரத்தை எழுதிவிட முடியும்.

கைபேசி வந்தபின் யார் வேண்டுமானாலும் நிருபராகலாம், இதுதான் ஜனநாயகம் என்பவர்களும் உண்டு. கதவு திறந்தது உண்மைதான். உள்ளே வந்த பிள்ளைக்கு மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, “இதை யார் சொன்னது? அவரிடமே கேட்டாயா?” என்று விரட்டுவதற்குச் சம்பளம் யார் கொடுப்பது? நட்சத்திரப் பக்கங்களில் லாபம் பார்க்கும் லண்டன் பத்திரிகைகள், அந்த வேல்ஸ் ஊர்களில் ஆளுக்கொரு பயிற்சி நிருபரையாவது இரண்டு வருடம் வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். அவரை முதலில் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும்.